வெப்பமானிக்குக் குடை

நான் சொல்ல வேண்டியிருந்தது ஐந்து சொற்கள். நாயைத் தொட்டிக்கு அந்தப் பக்கம் கட்டுங்க. அண்ணா என்று சேர்த்தால் ஆறு. அதற்குப் பதிலாகப் பதினான்கு பக்கம் எழுதினேன்.

எங்கள் மாடியும் பக்கத்து வீட்டு மாடியும் ஒரே உயரம். நடுவில் சைக்கிள் போகிற அளவு சந்து. பக்கத்து வீட்டில் ரொட்டி மாஸ்டர் தனியாக இருந்தார். இரவெல்லாம் அடுப்படியில் நின்றுவிட்டுக் காலை பத்து மணிக்கு வருவார். நாயை மாடியில் கட்டிவிட்டுத் தூங்குவார். மாலை ஐந்து மணிக்கு எழுந்து அவிழ்ப்பார். நாயின் பெயர் ரஸ்க். நிறத்தால் வந்த பெயர். உள்ளே விட்டால் அவர் குறட்டையைத் திருடன் என்று நினைத்துக் குரைக்கிறது என்று அவரே என் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

காலை பத்து மணிக்கு அவர் கட்டுகிற இடத்தில் தண்ணீர்த் தொட்டியின் நிழல் இருக்கும். மாலை ஐந்துக்கு மாடிப்படி அறையின் நிழல் இருக்கும். நடுவில் என்ன நடக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. அவர் தன் மாடியை நண்பகலில் பார்த்ததே இல்லை.

நான் பார்த்தேன். நான் ஒரு பள்ளியில் ஆய்வக உதவியாளர். வெயில் அதிகம் என்று பள்ளியை மூடியிருந்தார்கள். பதினொன்று நாற்பதுக்கு நிழல் நாயை விட்டு நகரும். மூன்று பத்துக்குத் திரும்ப வரும். அந்த மூன்றரை மணி நேரம் ரஸ்க் ஒவ்வொரு காலாக மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு நிற்கும். தொட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு தகரச் சாய்ப்பு உண்டு. அதற்குக் கீழே இரண்டு உடைந்த நாற்காலிகள் நாள் முழுக்க நிழலில் இருந்தன.

"போய்ச் சொல்லிட்டு வாயேன்டி" என்றாள் அம்மா.

"தூங்கறாரும்மா."

"எழுப்பு."

"எப்படி?"

"கதவைத் தட்டி. மனுஷங்களை அப்படித்தான் எழுப்புவாங்க."

"நீ சொல்லேன்."

"முட்டியை வெச்சுக்கிட்டு நான் என்னைக்கு மாடி ஏறினேன்? பாக்காததை எப்படிச் சொல்றது? கண்ணால பார்த்தவ நீ."

மூன்று நாள் அவர் வாசல்வரை போனேன். இரண்டு நாள் அப்படியே திரும்பினேன். மூன்றாம் நாள் அவர் பால் வாங்கக் கதவைத் திறந்துவிட்டார்.

"என்னம்மா?"

"மணி என்ன அண்ணா?" என்று கேட்டேன்.

என் கையில் கடிகாரம் இருந்தது. அவர் அதைப் பார்த்து மணி சொன்னார்.

அந்த ஆண்டுதான் செல்லப்பிராணிகள் வெப்ப குளிர் காப்புச் சட்டம் வந்திருந்தது. அதை நடத்த ஓர் ஆணையம். ஆணையத்தின் புகார்ப் படிவத்தில், 'புகார் கொடுத்தவரின் பெயர் ரகசியமாகக் காக்கப்படும்' என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்காகவே படிவத்தை நிரப்பினேன். நிரப்ப ஆரம்பித்ததும் எனக்கு வாய்ப்பூட்டு விலகியது போல ஆகிவிட்டது. மாடியின் வரைபடம் போட்டேன். நிழல் நகர்வதைக் கால்மணிக்கு ஒரு கோடாகக் குறித்தேன். பள்ளி ஆய்வகக் கருவியைக் கொண்டுவந்து எங்கள் மாடித் தரையில் வைத்து அளந்தேன். இரண்டு மாடிக்கும் ஒரே ஓடு. தரை ஐம்பத்தெட்டு டிகிரி. காற்று நாற்பத்திரண்டு. காற்றை நிழலில்தான் அளக்க வேண்டும் என்பதால் வெப்பமானிக்குக் குடை பிடித்ததையும் ஆறாம் பக்கத்தில் எழுதினேன். கயிறு ஒரு மீட்டர் இருபது சென்டிமீட்டர். கிண்ணம் காலி.

படிவத்தை அனுப்பிய நான்காம் நாள் ஒரு ஜீப்பில் ஆறு பேர் வந்து ரஸ்கைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ரொட்டி மாஸ்டர் தூக்கக் கண்ணோடு, தோளில் துண்டோடு, ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டு தெருவில் நின்றார். நான் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றேன். அன்று எனக்குப் பெருமையாக இருந்தது. இதையும் எழுதத்தான் வேண்டும்.

அடுத்த வாரம் ஆணையத்திலிருந்து கடிதம் வந்தது. கள நிபுணராக நான் நேரில் வர வேண்டுமாம்.

இயக்குநரின் அறைக்குள் போனபோது பல் கிட்டியது. அவர் கம்பளிக் குல்லாயும் ஸ்வெட்டரும் போட்டுக்கொண்டு, கையுறையைக் கழற்றிவிட்டுக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு சாம்பல் நிறப் பூனை அச்சு இயந்திரத்தின் மேல் சூடு தேடிச் சுருண்டிருந்தது. பக்கத்தில் நின்ற எழுத்தர் அதைத் தூக்கித் தரையில் விட்டார். ஏட்டில் நேரம் குறித்தார். பூனை மறுபடியும் ஏறியது. எழுத்தர் மறுபடியும் தூக்கினார்.

"உக்காருங்கம்மா. உங்க பேர் ரகசியம். அதனால உங்களை நிபுணர்னு கூப்பிடறோம்" என்றார் இயக்குநர். "முப்பது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு புகாரை நான் பார்த்ததில்ல. மத்தவங்க என்ன எழுதறாங்க? ஐயோ பாவம், நாய் வெயில்ல நிக்குதுன்னு ஒரு வரி. அதை வெச்சு நாங்க என்ன பண்ண முடியும்? உங்களுது அப்படியே கட்டடம் கட்டற பிளான் மாதிரி இருக்கு. அதனாலதான் எங்களால அப்படியே கட்ட முடிஞ்சுது."

எனக்குப் புரியவில்லை. பூனையைப் பார்த்தேன்.

"அதுவா, சான்றுப்பொருள் நாலு. மீன் கடை ஐஸ் அறையில பிடிச்சது. பிரிவு பதினெட்டு படிச்சிருப்பீங்களே. சான்றுப்பொருளைக் கண்டெடுத்த நிலையிலேயே விசாரணை முடியறவரைக்கும் பாதுகாக்கணும். ஐஸ் அறையில ஒன்பது டிகிரி. இந்த ஏசி பதினாறுக்குக் கீழ போக மாட்டேங்குது. மீதி ஏழு டிகிரிக்கு மேலிடத்துக்கு எழுதியிருக்கோம்." அவர் கையை வாயருகே வைத்து ஊதிக்கொண்டார். "எனக்கு மூணு வாரமா சளி. பரவாயில்ல. கடமை."

ஜன்னலுக்கு வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் உறுமியது. பின்னால் ஒரு பெட்டி கட்டியிருந்தது.

"முயல் ரவுண்டு கிளம்புது சார்" என்றார் எழுத்தர்.

முயலை வண்டிப் பெட்டிக்குள் அடைத்து எடுத்துப் போகும்போது பிடித்தார்களாம். அதனால் தினமும் நாற்பது நிமிடம், அதே வேகத்தில், அதே பெட்டியில். நிற்க வைத்த வண்டியில் விட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் கேள்வி கேட்பார்.

"வாங்க, உங்க வேலையைக் காட்டறேன்" என்று இயக்குநர் எழுந்தார்.

மாடியேறும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியாததுபோல் ஏறினேன்.

ஆணையத்தின் மொட்டை மாடியில் ஒரு கறுப்புத் தொட்டி. என் வரைபடத்தில் இருந்த அதே உயரம், அதே சுற்றளவு. அதற்குள் தண்ணீர் இல்லை. நிழலுக்காக மட்டும் வாங்கியது. திசைகாட்டி வைத்துத் திருப்பி நிறுத்தியிருந்தார்கள். தரைக்கு எங்கள் மாடியில் உள்ள அதே ஓடுகளைத் தேடிப் பிடித்துப் பதித்திருந்தார்கள். ஒரு குழாயில் ரஸ்கைக் கட்டியிருந்தார்கள். கயிறு ஒரு மீட்டர் இருபது. கிண்ணம் காலி. மணி பன்னிரண்டரை.

ரஸ்க் என்னைப் பார்த்து வாலை ஆட்டியது. அந்த மாடியில் அதற்குத் தெரிந்த முகம் என்னுடையது மட்டும்தான்.

கயிறு எட்டும் தூரத்துக்கு ஓரடி தள்ளி, ஒரு முக்காலியில் வெப்பமானி வைத்திருந்தது. ஒரு பெண் அதற்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றார். ஆணையத்தின் கடைநிலை ஊழியர். எல்லோரும் அவரை அக்கா என்றார்கள்.

"நாய்க்கு நிழல் இல்லையா அக்கா?"

"நாய்க்கு நிழல் இருந்ததா எங்க எழுதியிருக்கு? ஆறாம் பக்கத்துல மிஷினுக்குத்தான் குடைன்னு எழுதியிருக்கு" என்றார் அக்கா. "நானும் பதினஞ்சு வருஷமா பெரிய மனுஷங்களுக்குக் குடை பிடிச்சிருக்கேன். அவங்களாவது நடப்பாங்க. இது நின்ன இடத்துலயே நிக்குது."

"மத்த நேரத்துல?"

"ராஜா மாதிரி இருக்கும். பதினொண்ணரை வரைக்கும் மெத்தை, மின்விசிறி, கோழிக்கறி. நீங்க பதினொண்ணு நாப்பதுல இருந்து மூணு பத்துவரைக்கும்தானே எழுதியிருக்கீங்க? அந்த நேரத்துக்கு மட்டும்தான் இங்க கொண்டாந்து விடறோம். ஒரு நிமிஷம் கூடக் குறையக் கிடையாது. செவ்வாக்கிழமை மேகம் வந்து இருபது நிமிஷம் மறைச்சிடுச்சு. புதன்கிழமை அதை ஈடு கட்டினோம்."

என் வேலை எளிது. தினமும் ஒரு மணிக்கு வந்து, நிலை மாறவில்லை என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். முதல் நாள் போட்டேன். மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். பேனாவில் மை வருமா என்று கேட்டேன்.

வரைபடத்தில் நான் சாய்ப்பையும் போட்டிருந்தேன். அதையும் கட்டியிருந்தார்கள். உடைந்த நாற்காலி வேண்டும் என்பதற்காக இரண்டு புது நாற்காலிகளை வாங்கி உடைத்திருந்தார்கள். மதியச் சாப்பாட்டை எல்லோரும் அந்தச் சாய்ப்புக்குக் கீழேதான் சாப்பிட்டார்கள். கட்டடத்திலேயே காற்று வருகிற நல்ல இடம் அதுதானாம்.

இறங்கும்போது மாடிப்படியில் ரொட்டி மாஸ்டர் நின்றார். கையில் காகிதப் பொட்டலம். காவலாளி அவரை மேலே விடவில்லை. எதிரி சான்றுப்பொருளைக் கலைத்துவிடுவார் என்பது விதி.

"பக்கத்து வீட்டுப் பாப்பாதானே?" என்றார். "நீங்க இங்கயா வேலை பாக்கறீங்க?"

நான் தலையை எப்படி அசைத்தேன் என்று எனக்கே தெரியாது. ஆம் என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

"நல்லதாப் போச்சு. நம்மாளு ஒருத்தர் உள்ள இருக்கீங்க. ரஸ்கு எப்படியிருக்கான்? தண்ணி வைக்கறாங்களா? யாரோ எழுதிப் போட்டுட்டாங்கம்மா. யாருன்னு கேட்டா ரகசியம்ங்கறாங்க. நான் என்ன தப்புப் பண்ணினேன்னாவது சொல்லுங்கன்னா, அது விசாரணையிலதான் சொல்லுவோம்ங்கறாங்க." பொட்டலத்தை நீட்டினார். "பிஸ்கட். உப்புப் போடாதது. நீங்க குடுத்தாத் தின்னுவான்."

வாங்கிக்கொண்டேன். மேலே கொண்டுபோனதும் எழுத்தர் பொட்டலத்தை எடைபோட்டு, உறையிலிட்டு, சான்றுப்பொருள் ஏழு, இணைப்பு ஒன்று என்று ஒட்டி அலமாரியில் வைத்தார்.

ஐந்து நாள் கையெழுத்துப் போட்டேன். ஆறாம் நாள் அக்கா, "ஒரு வாய் சாப்பிட்டு வந்துடறேன், கொஞ்சம் பிடிங்க" என்று குடையை என்னிடம் கொடுத்துவிட்டுச் சாய்ப்புக்குப் போனார்.

ரஸ்க் வாலை ஆட்டுவதை நிறுத்தி இரண்டு நாள் ஆகியிருந்தது. வாய் பிளந்திருந்தது. வலது முன்காலைத் தூக்கும், வைக்கும். இடது முன்காலைத் தூக்கும், வைக்கும். தூக்கியபோது அடிப்பாதம் தெரிந்தது. தோல் சுருண்டு, ஓரத்தில் இளஞ்சிவப்பாக இருந்தது. நான் குடையின் காம்பைக் கொஞ்சம் சாய்த்தேன். நிழல் முக்காலியிலிருந்து வழிந்து தரையில் ஒரு கை அகலம் விழுந்தது. ரஸ்க் கயிறு இழுக்கும் மட்டும் வந்து அதற்குள் முகத்தை மட்டும் வைத்தது. மூக்கும் கண்ணும் உள்ளே. மற்றதெல்லாம் வெளியே. இன்னும் ஐந்து டிகிரி சாய்த்தால் முன்கால்கள் உள்ளே வந்துவிடும் என்று கணக்குப் போட்டேன்.

"குடை சாயுதும்மா" என்றார் இயக்குநர் சாய்ப்புக்குள்ளிருந்து.

அவர் அதட்டவில்லை. நிமிர்த்து என்றும் சொல்லவில்லை. குடை சாய்கிறது என்று மட்டும் சொன்னார். உண்மையும் அதுதான்.

நான் நிமிர்த்தினேன்.

அக்கா சாப்பாட்டு டப்பாவை மூடினார். பாதிக்குமேல் மிச்சமிருந்தது.

இயக்குநர் சாப்பிட்டுக்கொண்டே பேசினார். "உங்க மனசு எனக்குப் புரியுதும்மா. எனக்கும் வீட்டுல நாய் இருக்கு. ஆனா யோசிச்சுப் பாருங்க. ஒரு நாயைக் காப்பாத்தறது பெரிய விஷயமா? கயிறை அவுத்தா முடிஞ்சுது. யார் வேணும்னாலும் பண்ணலாம். அதுக்கு எதுக்கு ஒரு ஆணையம், நாப்பது ஊழியர், ஜீப்பு? நாங்க காப்பாத்தறது வழக்கை. வழக்கு நல்லாயிருந்தாத்தான் சட்டம் நல்லாயிருக்கும். சட்டம் நல்லாயிருந்தா இனிமே பொறக்கப்போற எல்லா நாயும் நல்லாயிருக்கும். இந்த நாய் அதுக்கு உதவி பண்ணுது. அதுக்கு அது தெரியாது. நமக்குத் தெரியும். அதான் வித்தியாசம்."

எல்லோரும் தலையாட்டினார்கள். ரஸ்கும் ஈயை விரட்டத் தலையை ஆட்டியது.

"விசாரணை எப்ப சார்?" என்று கேட்டேன். அந்த மாடியில் நானாகக் கேட்ட முதல் கேள்வி.

"தீர்ப்பாயத்துக்குக் கோடை விடுமுறைம்மா. இந்த வெயில்ல நீதிபதிங்க எப்படி வந்து உக்காருவாங்க? இன்னும் ஏழு வாரம். மழை ஆரம்பிச்சதும் முதல் வழக்கே நம்மளுதுதான்."

"அதுவரைக்கும் நாய் தாங்காது சார்."

"தாங்கணும். சான்றுப்பொருள் செத்துப்போச்சுன்னா அதையும் அதே நிலையில வெக்கணும். அதுக்கு எங்ககிட்ட இடமில்ல."

வீட்டுக்கு வந்து, பதினான்கு பக்கத்தையும் எடுத்து வைத்துப் பார்த்தேன். ஒரு தப்பும் இல்லை. நான் படித்த காலத்தில்கூட இவ்வளவு சுத்தமாக ஒரு செய்முறை எழுதியதில்லை. கால்மணிக்கு ஒரு கோடு. ஒவ்வொரு கோடும் சரி. அந்த மூன்றரை மணி நேரத்தை நான்தான் கோடு போட்டு, அளந்து, எடுத்துப் போக வசதியாகக் கட்டிக் கொடுத்திருந்தேன். ரஸ்க் ரொட்டி மாஸ்டர் வீட்டில் இருந்தபோதாவது மேகம் வந்தால் அது சும்மா மேகமாக இருந்தது.

அம்மா டீ கொண்டுவந்து வைத்தாள். "என்னடி பண்ணப் போற?"

"தப்பா அளந்துட்டேன்னு எழுதப் போறேன்."

"தப்பா அளந்தியா?"

"இல்ல."

அம்மா டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள். "டீயைக் குடிச்சிட்டு எழுது" என்றாள்.

திருத்த மனு ஒரே பக்கம்தான். கிழக்கையும் மேற்கையும் மாற்றிக் குறித்துவிட்டேன், நாய் கட்டியிருந்தது சாய்ப்பின் நிழலில், கிண்ணத்தில் தண்ணீர் இருந்தது, என் கணக்குத் தவறு. மறுநாள் காலை அதை இயக்குநரின் மேஜைமேல் வைத்தேன். அவர் படித்துவிட்டுக் குல்லாயைக் கழற்றினார்.

"அப்படீன்னா இத்தனை நாளா சான்றுப்பொருளைத் தப்பான நிலையில பாதுகாத்திருக்கோமா?" முதல்முறையாக அவர் முகத்தில் வேதனையைப் பார்த்தேன். "நிழல்ல இருந்த நாயை வெயில்ல கட்டிட்டோமா? எவ்வளவு பெரிய கொடுமை."

"சாய்ப்புக்குக் கீழதான் கட்டியிருந்தோம்னு எழுதிடலாம் சார்" என்றார் எழுத்தர், பூனையை இறக்கிக்கொண்டே. "சாய்ப்புதான் இருக்கே."

இயக்குநர் கொஞ்சம் ஆறுதலடைந்தார். பிறகு என்னிடம் திரும்பினார். "ஒண்ணு சொல்லணும்மா. புகார் கொடுத்தவர் பேர்தான் ரகசியம். தப்பான புகார் கொடுத்தவர் பேர் ரகசியமில்ல. பிரிவு முப்பத்தொண்ணு. உங்க வீட்டு வாசல்ல அறிவிப்பு ஒட்டுவோம். முப்பது நாள் கிழிக்கக் கூடாது. யோசிச்சுக்குங்க. மனுவைத் திரும்ப எடுத்துக்கிட்டீங்கன்னா நான் படிக்கவே இல்லன்னு வெச்சுக்கறேன்."

நான் யோசித்தேன். அதை மறைக்க மாட்டேன். ஏழு வாரம் என்பது நாற்பத்தொன்பது நாள் என்று கணக்குப் போட்டேன். தெருவில் எத்தனை பேர் எங்கள் வாசலைக் கடந்து போவார்கள் என்று கணக்குப் போட்டேன். பூனை நான்காம் முறையாக அச்சு இயந்திரத்தில் ஏறும்வரை கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"ஒட்டுங்க சார்" என்றேன்.

"தவறை ஒத்துக்கறதுதான் விஞ்ஞானம்" என்று எழுந்து நின்று என் கையைக் குலுக்கினார். அவர் கை ஐஸாக இருந்தது.

மறுநாள் காலை அறிவிப்பை ஒட்ட அக்காதான் வந்தார். பசையைத் தடவும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. மதியம் ரஸ்கைக் கொண்டுவந்து பக்கத்து வீட்டில் விட்டார்கள். ஜீப் போகும் சத்தம் கேட்டது. நான் வெளியே வரவில்லை.

மாலை ஐந்து மணிக்கு எங்கள் வாசலில் காலடி நின்றது. கூடவே நாயின் மூச்சு. கதவு மூடியிருந்தது. நான் உள்ளே நின்றேன்.

தட்டும் சத்தம் வரவில்லை. ரொட்டி மாஸ்டர் அறிவிப்பை எழுத்துக் கூட்டிப் படித்தார். "இந்த வீட்டில் வசிப்பவர்... பக்கத்து வீட்டு நாய் குறித்து... தவறான புகார்..." அங்கே நிறுத்தினார். மறுபடி முதலிலிருந்து படித்தார்.

அடுப்படியில் அம்மா பாத்திரம் கழுவுவதை நிறுத்தினாள். அந்தக் கதவை அதற்கு முன் எத்தனையோ ஆயிரம் முறை திறந்திருப்பேன். திறந்தேன்.

அவர் புதுச் சட்டை போட்டிருந்தார். ஒரு கையில் ரொட்டிப் பொட்டலம். மறு கையில் ரஸ்கின் கயிறு.

"நிபுணரம்மா கையெழுத்துப் போட்டுத்தான் விட்டாங்கன்னு அந்த அக்கா சொல்லிச்சு. நீங்கதான்னு நினைச்சேன். குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். பொட்டலத்தை நீட்டவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

"நான்தான் அண்ணா" என்றேன். "ரெண்டும்."

அவர் அறிவிப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அன்னைக்கு மணி கேக்க வந்தீங்களே."

"ஆமாண்ணா."

"அது மணி கேக்க வந்தது இல்லையா?"

"இல்லண்ணா."

"அப்ப என்ன சொல்ல வந்தீங்க?"

"நாயைத் தொட்டிக்கு அந்தப் பக்கம் கட்டுங்க, அண்ணா."

சொல்ல மூன்று நொடிகூட ஆகவில்லை.

"அந்தப் பக்கம்னா? சாய்ப்புக்குக் கீழயா?"

"ஆமா. இந்தப் பக்கம் பதினொண்ணு நாப்பதுக்கு மேல வெயில் வந்துடும்."

"அங்க வெயில் வருமா?" என்றார். தன் வீட்டைப் பற்றி ஊரார் சொல்லிக் கேட்பதுபோலக் கேட்டார். "காத்தாடுற இடம்னுல்ல கட்டினேன்." குனிந்து ரஸ்கைப் பார்த்தார். "அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் அண்ணா."

"நான் தூங்கறவன்தான். தட்டினா எழுந்திரிப்பேன்மா" என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் தகவலாகச் சொன்னார், அடுத்த முறைக்கு.

பொட்டலத்தை எங்கள் ஜன்னல் விளிம்பில் வைத்தார். பிறகு கயிற்றை என்னிடம் நீட்டினார். "கொஞ்சம் பிடிச்சுக்குங்க. அந்தச் சாய்ப்புல நாற்காலிங்க கிடக்கு. நகத்திட்டு வந்துடறேன்."

அவர் மாடியேறும் சத்தம் கேட்டது. கயிறு என் கையில் இருந்தது. ரஸ்கின் நான்கு கால்களிலும் மருந்து தடவித் துணி சுற்றியிருந்தது. எங்கள் வாசல் நாள் முழுக்க நிழலில் இருக்கும் இடம். அங்கே நின்றுகொண்டு அது வலது முன்காலைத் தூக்கியது, வைத்தது. இடது முன்காலைத் தூக்கியது, வைத்தது.

நான் குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்தேன். குளிர்ச்சியாகத்தான் இருந்தது.